நாலாவது கேமராவின் தேதி

இடுப்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே முப்பது வயதுவரை விஜயபாண்டிக்குத் தெரியாது. கம்பத்தில் திராட்சைப் பெட்டியும் சின்னமனூரில் நெல் மூட்டையும் சுமந்த காலத்தில் அது தன் பாட்டுக்குக் கிடந்தது. சுமையை இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கும் மனிதனாக அவன் மாறிய பிறகுதான், இத்தனை நாள் வாய் மூடி இருந்ததற்கும் சேர்த்து அது பேச ஆரம்பித்தது. அன்று காலை பல் விளக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. குனிந்தபடியே படியேறி, குனிந்தபடியே கடையைத் திறந்து, சிமெண்டுத் தரையில் கோரைப்பாயை உருட்டிவிட்டு மல்லாந்துவிட்டான்.

கடை தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. பலகையில் பெரிய எழுத்தில் ‘அழிந்துபோன ஃபைல்கள் மீட்டுத் தரப்படும்’ என்றும், கீழே சின்ன எழுத்தில் ‘துப்பறியும் பணிகள்’ என்றும் எழுதியிருக்கும். பெரிய எழுத்து சோறு போட்டது. சின்ன எழுத்து சொந்தக்காரர்கள் கேலி பேச உதவியது.

உதவியாளர் ஜெபஷீலா உள்ளே வந்து அவனைத் தாண்டிப் போய்க் கைப்பையை மாட்டினாள். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஆபீசில் அவசரம் என்று கிளம்பி வந்து, வந்த நேரத்துக்கெல்லாம் வேலையைக் கற்றுக்கொண்டவள். ஹார்டு டிஸ்க்குக்குள் புகுந்து தேடுவதில் அவளுக்கு இணை மாவட்டத்திலேயே இல்லை என்பது விஜயபாண்டியின் கருத்து. வாயிலும் இல்லை என்பது அவனுடைய அனுபவம்.

“மேசையில ஒரு டிஸ்க்கு, தரையில ஒரு டிஸ்க்கு. எதை மொதல்ல பாக்கட்டும்ண்ணே?” என்றாள்.

மேசையில் இருந்ததற்குத்தான் அவசரம். அன்று மத்தியானம் போடியில் விசாரணை.

விஷயம் இதுதான். போடியில் நாகராஜ் என்று ஒரு ஏலக்காய் குடோன் முதலாளி. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நம்பி இறக்கிவிட்டுப் போகும் காயைத் தரம் பிரித்து, ஏலத்தில் விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர். அவருடைய குடோனில் நாற்பது பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். அந்த 2009ஆம் வருஷம் மே மாதம் ஐந்தாம் தேதி, இருப்பில் மூன்று மூட்டை குறைந்தது. மூன்றும் முதல் தரம். தோட்டக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஜூன் கடைசியில் முதலாளி திருடனைக் கண்டுபிடித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே காய் பொறுக்கும் சங்கிலியம்மாளை எழுப்பி, மற்றப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் ‘திருடி’ என்று சொல்லி, வாசலுக்கு வெளியே நிறுத்தினார்.

சாட்சி கேமரா. குடோனில் நான்கு கேமராக்கள். நாலாவது கேமராவின் படத்தில், மேலே மே ஐந்து என்று தேதி ஓடிக்கொண்டிருக்க, சங்கிலியம்மாள் சாக்குக் குவியலுக்குப் பக்கத்திலிருந்து எழுகிறாள். சுற்றுமுற்றும் பார்க்கிறாள். எதையோ இடுப்பில் செருகுகிறாள். வெற்றிலைப் பை என்றாள் அவள். ஏலக்காய் என்றார் அவர். மூன்று மூட்டை காய் ஒருத்தியின் இடுப்பில் எப்படி ஏறும் என்று ஜெபஷீலா கேட்டதற்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்று பதில் வந்தது.

விசாரணையில் குற்றம் நிலைத்தால் சங்கிலியம்மாளுக்கு வேலை போகும். இருபத்திரண்டு வருஷத்துப் பணிக்கொடையும் கூடவே போகும். திருடி என்ற பேரோடு போடியில் வேறு எந்தக் குடோனிலும் உட்கார முடியாது. வேறு தொழிலும் அவளுக்குத் தெரியாது. மே மாதக் கடைசியில் அவள் முதலாளியிடம் ஒன்று கேட்டிருந்தாளாம். பெண்கள் கக்கூஸ் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். நாற்பது பேரில் அவள் முகம் மட்டும் முதலாளியின் மனதில் தனியாகப் பதிந்தது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

விசாரணை நடத்த வந்த வக்கீல் ஏசுதாசன் முறைப்படி போகிறவர். படத்தில் வெட்டு ஒட்டு எதுவும் இல்லை என்று வெளி ஆள் ஒருவர் டிஸ்க்கைப் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் கேமராப் பெட்டியின் டிஸ்க் தேனிக்கு வந்தது. நாகராஜே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வேட்டிக்கு மேல் இடுப்பு பெல்ட் கட்டியிருந்தார். விஜயபாண்டி நாற்காலியிலிருந்து மூன்று தவணையில் எழுந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு வெகு நேரம் வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்தப் பக்கம் படுப்பது, எந்த நேரத்தில் சுரீர் என்கிறது, இருமினால் எங்கே போய் இழுக்கிறது என்று இரண்டு பேரும் ஒன்றுவிட்ட பங்காளிகள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். வீரபாண்டித் திருவிழா அன்னதானத்தில் சோற்று அண்டாவைத் தூக்கியபோது பிடித்ததாம் அவருக்கு. குமுளி வைத்தியரின் எண்ணெய் ஒரு பாட்டிலை அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சங்கிலியம்மாளும் வந்தாள். யார் சொல்லிக் கேள்விப்பட்டாளோ. செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அழவுமில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

“நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, அதுக்குப் பெறகு யாரும் எதையும் கேக்க மாட்டாகளா?”

பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்று விஜயபாண்டி உண்மையைச் சொன்னான்.

“அப்ப நல்லாப் பாத்துட்டுப் போடுங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நல்லாத்தான் பார்த்தார்கள். ஜெபஷீலா டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, இரண்டு நாள் தோண்டிவிட்டாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. முதலாளி சி.டி.யில் கொடுத்த படமும் டிஸ்க்கில் இருந்த படமும் ஒன்று. தேதி மே ஐந்துதான். சான்றிதழை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, தரையில் கிடந்தவனின் கையில் கொடுத்தாள். ஒரு அட்டையையும் பேனாவையும் கொடுத்தாள்.

மல்லாந்து கிடப்பவனுக்குப் பால்பாயிண்ட் பேனா எழுதாது. விஜயபாண்டி இரண்டு தரம் கீச்சிப் பார்த்தான். காகிதத்தில் பள்ளம்தான் விழுந்தது. வேறு பேனா தேட அவள் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். போகும்போது, சும்மா கிடப்பதற்குப் படத்தையாவது இன்னொரு தரம் பாருங்கள் என்று மானிட்டரை முக்காலியில் வைத்து ஓட விட்டுவிட்டுப் போனாள்.

அது மலிவான மானிட்டர். கீழே இருந்து பார்த்தால் மேல்பாதி கருத்துப்போகும். தேதி தெரியவில்லை. சங்கிலியம்மாளின் தலையும் தெரியவில்லை, இடுப்பும் தெரியவில்லை. இரண்டு நாளாக எல்லோரும் எதைப் பார்த்தார்களோ அது எதுவுமே தெரியாமல், படத்தின் அடிப்பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது. அது குடோனின் வாசற்படி.

ஜெபஷீலா பேனாவோடு திரும்பி வந்தபோது அவன் ஒருக்களித்துப் படுத்துப் படத்தை நிறுத்தி வைத்திருந்தான்.

“ஷீலா, வாசப்படியில என்ன கிடக்கு?”

“செருப்பு.”

“எத்தனை?”

“நாப்பது பொம்பளைக வேலை பாக்குற எடத்துல செருப்பு கிடக்காம பூவா கிடக்கும்? குவிஞ்சு கிடக்கு. பேனா இந்தாங்க.”

அவன் பேனாவை வாங்கவில்லை. தேதி என்ன என்று கேட்டான். மே ஐந்து, செவ்வாய்க்கிழமை என்றாள். வீரபாண்டித் திருவிழா எப்போது என்று கேட்டான். அதற்கு அடுத்த செவ்வாய், கூட்டத்தில் தன் ஸ்கூட்டி மாட்டிக்கொண்டு கிடந்தது நினைவிருக்கிறது என்றாள்.

“எங்காத்தா, திருவிழாவுக்கு மூணு வாரம் முன்னாடி கோயில்ல கம்பம் நட்ட அன்னைக்குக் காப்புக் கட்டிச் செருப்பைக் கழட்டுனா, தீச்சட்டி எடுத்து முடிச்சுத்தான் திரும்பக் கால்ல மாட்டும். தார் ரோடு கொதிச்சாலும் சரி. இந்தப் படத்துல நாப்பது சோடி செருப்பு கிடக்கு.”

ஜெபஷீலா திரையைப் பார்த்தாள். பிறகு, விரதம் இருக்கிறவர்கள் இருப்பார்கள், இல்லாதவர்கள் செருப்பு போடுவார்கள், டிஸ்க்கில் இதெல்லாம் ஏறாது என்றாள். அந்தக் குடோனில் எத்தனை பேர் விரதம் இருந்தார்கள் என்பதைப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான் விஜயபாண்டி. எழுந்திருக்க முதலில் ஒரு வழி பண்ணுங்கள் என்று அவள் கையை நீட்டினாள்.

ஸ்கூட்டியின் பின்சீட்டில் அவன் போடி வரைக்கும் போன கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஒரு சாமி பெயரைச் சொன்னான். கோடாங்கிபட்டி தாண்டுவதற்குள் அவனுக்குத் தெரிந்த இந்துச் சாமிகள் எல்லாம் தீர்ந்துவிட்டதாகவும், வேண்டுமானால் தன் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு தருவதாகவும் ஜெபஷீலா சொன்னாள்.

போடியில் சாரல் பிடித்திருந்தது. குடோன் இருக்கும் தெருவில் நுழைந்ததும் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே போய் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதில் கேட்டின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபிளெக்ஸ் பேனர். இரண்டு மாத வெயிலில் வெளுத்திருந்தாலும் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அம்மன் ஒரு மூலையில். நடுவில், அம்மனைவிடப் பெரிதாக, கும்பிட்டபடி நாகராஜ். ‘மாபெரும் அன்னதானம்’ என்று சிவப்பு எழுத்து. அடியில், காப்புக் கட்டிய கையோடு மஞ்சள் சேலையில் வரிசையாக நிற்கும் குடோன் பெண்கள். எல்லாக் காலும் வெறுங்கால். முன்னால் நிற்கும் நாகராஜின் காலும் வெறுங்கால்தான்.

குழாயடியில் தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்த மூக்கம்மாள் என்ற பெண்ணிடம் ஜெபஷீலா பேச்சுக் கொடுத்தாள். எப்போதும் பத்துப் பதினைந்து பேர்தான் காப்புக் கட்டுவார்களாம். இந்த வருஷம் அப்படி இல்லை.

“போட்டோவுக்கு ஆள் பத்தாதுன்னு மொதலாளிதான் எல்லாரையும் கட்டச் சொன்னாக. கட்டுனா கட்டுனதுதானே ஆத்தா, சாமி காரியம். திருநாள் முடியுற வரைக்கும் இந்த வாசல்ல ஒரு செருப்புக் கிடக்கல. அவுகளும் போடல. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.”

எதிரே இருந்த டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்து ஜெபஷீலா உட்கார்ந்தாள். விஜயபாண்டி உட்கார முடியாமல் தூணைப் பிடித்து நின்றான். தேதி பொய் என்றால் உண்மையான தேதி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் கேட்க, அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொன்னான். அவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கேமராப் பெட்டி படத்தை வந்த வரிசையிலேயே டிஸ்க்கில் எழுதிக்கொண்டு போகும். சங்கிலியம்மாளின் படத்துக்கு முன்னால் டிஸ்க்கில் இருந்த படத்தின் தேதி ஜூன் இருபத்து நாலு. பின்னால் இருந்ததும் ஜூன் இருபத்து நாலு. நடுவில் மே ஐந்து மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

“யாரோ கடிகாரத்தைப் பின்னாடி தள்ளி வச்சுப் படத்தை எடுத்துட்டு, திரும்ப முன்னாடி தள்ளியிருக்காகண்ணே,” என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. “ரெண்டு நாளா நான் வீட்டுக்குள்ளயே தேடியிருக்கேன். பக்கத்து வீட்டைப் பாக்கல.”

அப்படியானால் உண்மையான மே ஐந்து எங்கே என்று கேட்டான். பெட்டியின் பட்டியலில் அந்த நேரத்துக்கு இந்தப் படம்தான் வருகிறது, பழையதைக் காட்டவில்லை என்றாள். பட்டியலில் இல்லாவிட்டால் டிஸ்க்கிலும் இல்லை என்று அர்த்தமா என்றான். அவள் தேட ஆரம்பித்தாள். அவனுடைய டீ ஆறி, ஆடை கட்டி, கடைக்காரர் அதை எடுத்துப்போய் வேறு டீ கொடுத்தார்.

பிறகு அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஒரு சின்னத் துண்டுதான் கிடைத்திருந்தது. விஜயபாண்டி முழுவதும் பார்த்தான். முடிவில் தன்னை அறியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

விசாரணை குடோன் ஆபீஸ் அறையில். வக்கீல் ஏசுதாசன் மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலியில், பெல்ட்டோடு, நாகராஜ். அவருக்குப் பின்னால் குடோன் மேனேஜர் சீனிச்சாமி நின்றார். மூட்டை தூக்க வந்து, படிப்படியாக மேனேஜர் ஆனவர். கரண்ட் போய் வரும்போதெல்லாம் கேமராப் பெட்டியின் கடிகாரம் தடுமாறிவிடும். அதைச் சரி பண்ணி வைப்பது அவர் வேலை. சங்கிலியம்மாளுக்கு நாற்காலி போடவில்லை. சாப்பாட்டு நேரம் என்பதால் பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் ஜன்னலில் இருந்தார்கள்.

வக்கீல் சான்றிதழ் கேட்டார். கொண்டுவந்திருப்பதாகவும், கையெழுத்து மட்டும் போடவில்லை என்றும், பேனா எழுத மறுத்துவிட்டது என்றும் விஜயபாண்டி சொன்னான். நாகராஜ் தன் பேனாவை எடுத்து நீட்டினார். ஜெபஷீலா அதற்குள் படத்தை ஓடவிட்டாள்.

மேலே பார்க்க வேண்டாம், வாசற்படியை மட்டும் பாருங்கள் என்று விஜயபாண்டி வக்கீலிடம் சொன்னான். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். செருப்பு கிடக்கிறது என்றார். அதற்குள் ஜன்னலில் சலசலப்பு. மூக்கம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏத்தே, மே மாசம் நாம செருப்பே போடலையே.”

விஜயபாண்டி ஜன்னலுக்கு வெளியே, கேட்டில் தொங்கிய பேனரின் முதுகைக் காட்டினான். அதன் முகத்தைப் போகும்போது வக்கீல் பார்த்துக்கொள்ளலாம் என்றான். நாகராஜ் சிரித்தார். காப்புக் கட்டியவர்கள் எல்லோரும் ஒழுங்காகவா இருப்பார்கள், கள்ளத்தனமாகப் போட்டிருப்பார்கள் என்றார். நாற்பது பேருமா என்று கேட்டான் விஜயபாண்டி.

“தேதியை மனுசன் வைக்கிறான் சார். வரிசையைப் பெட்டி வைக்குது,” என்றான் வக்கீலிடம். “சினிமாக் கொட்டகை டிக்கெட் வரிசையில முன்னாடி நிக்கிறவன் ஜூன் மாசம் வந்தவன், பின்னாடி நிக்கிறவனும் ஜூன் மாசம் வந்தவன். நடுவுல ஒருத்தன் மட்டும், நான் மே மாசமே வந்து நிக்கிறேன்னு சொன்னா நம்புவீகளா?”

வக்கீலுக்குப் புரிந்தது. நாகராஜுக்கு அவரைவிடச் சீக்கிரமாகவே புரிந்தது. நாற்காலியோடு மெல்லத் திரும்பி, பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

“ஏலே சீனி, கடிகாரத்துல கை வைக்கிறது நீ ஒருத்தன்தானே.”

சீனிச்சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார். சாவியை நம்பிக் கொடுத்தேன், கூடவே வைத்து மேனேஜர் ஆக்கினேன், என் குடோனிலேயே காயைத் தூக்கிவிட்டுப் பழியை ஒரு பொம்பளை மேல் போட்டாயா என்று நாகராஜ் அடுக்கிக்கொண்டே போனார். சங்கிலியம்மாளுக்காக அவர் குரல் தழுதழுக்கக்கூடச் செய்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும் அவள்தான் திருடி என்பதை அறையில் இருந்த எல்லோருமே மறந்துவிடும் அளவுக்கு அதில் உருக்கம் இருந்தது. வக்கீல் வேறு வழியில்லாமல் காகிதத்தில் சீனிச்சாமி என்று எழுதத் தொடங்கினார்.

“எழுதாதீக சார். இன்னும் ஒரு துண்டு இருக்கு,” என்றான் விஜயபாண்டி.

நிற்க முடியாமல் மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். கடிகாரத்தைத் தள்ளி வைத்தவர் கேசட் காலத்து ஆள். பாட்டுக் கேசட்டில் மேலே பேசிப் பதிந்தால் கீழே இருந்த பாட்டு போய்விடும் அல்லவா. அதே மாதிரி, பெட்டியை மே ஐந்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பதிந்தால், மே ஐந்தில் ஏற்கெனவே இருந்த படம் அழிந்துவிடும் என்று நினைத்துவிட்டார். ஒரே வேலையில் ஒரு திருடி கிடைப்பாள், ஒரு திருடன் மறைவான். கணக்கு சரிதான். டிஸ்க்குக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியாது. அது புதிய படத்தைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, பழையதைப் பட்டியலில் காட்டாமல் சும்மா வைத்திருந்தது.

நாகராஜ் நீட்டிய பேனா இன்னும் மேசையில் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

ஜெபஷீலா இரண்டாவது படத்தை ஓடவிட்டாள். அதே நாலாவது கேமரா, அதே வாசற்படி. ஒரு செருப்புகூட இல்லை. பெண்கள் எல்லோரும் கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்த நேரம். மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு ஆள் மூட்டையோடு வருகிறார். முகத்தை மூட்டை மறைக்கிறது. மூட்டையை முதுகில் ஏற்றவில்லை. பச்சைப்பிள்ளையைப் போல வயிற்றோடு கட்டிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடக்கிறார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. வெறுங்கால்.

“மூட்டையை இப்படியா தூக்குவாக?” என்று சீனிச்சாமி முணுமுணுத்தார். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வாக்குமூலம் அதுதான். தானும் பத்து வருஷம் மூட்டை சுமந்த விஜயபாண்டிக்கு, தூக்கியது சீனிச்சாமி இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு மூட்டை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதோடு வாசற்படி வரைக்கும் வந்தவர் சட்டென்று நின்றார். மூட்டை கையிலிருந்து நழுவிப் படிக்கு வெளியே விழுந்தது. இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்து, இடுப்பு பிடித்துக்கொண்ட எந்த மனிதனும் செய்வதையே அவரும் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தார். கூரையில் நாலாவது கேமரா இருந்தது.

ஜெபஷீலா படத்தை அங்கேயே நிறுத்தினாள். வலியில் கோணிய முகமானாலும் நாகராஜின் முகம் பேனரில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

“சோத்து அண்டாவைச் சாக்குல கட்டித்தான் தூக்குவாக போல,” என்றாள் யாருக்கும் பொதுவாக.

நாகராஜ், அம்மன் காரியத்துக்குத்தான் எடுத்தேன் என்றார். பேனர் அடித்தாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, கையில் காசு இல்லை, சோறு போடாவிட்டால் அம்மன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். வக்கீல் ஏசுதாசன் அந்த இறையியலுக்குள் போகவில்லை. காய் யாருடையது என்று மட்டும் கேட்டார். தோட்டக்காரர்களுடையது என்றார் நாகராஜ். அப்படியானால் அன்னதானமும் அவர்களுடையதுதான், சீக்கிரம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார் வக்கீல்.

விஜயபாண்டி படத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனிதர் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. சித்திரை வெயிலில், சுடுகிற சிமெண்டில், திருடும்போதுகூடச் செருப்புப் போடவில்லை. நாற்பது பெண்களையும் காப்புக் கட்டச் சொன்னதும் அவர்தான். ஆனால் தன் காலைத் தவிர வேறு காலை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஜூன் மாதத்து வாசலில் குவிந்து கிடந்த செருப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் படம் எடுத்திருப்பார்.

குற்றச்சாட்டு தள்ளுபடி என்று வக்கீல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விஜயபாண்டி புதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டு ஒன்றை அவரிடமும் ஒன்றைச் சங்கிலியம்மாளிடமும் கொடுத்தான். நின்றுகொண்டு எழுதினால் பேனா நன்றாகவே எழுதியது. நாகராஜ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, மேசையைப் பார்த்துப் பேசினார்.

“திங்கக்கிழமையில இருந்து வேலைக்கு வா. கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுத் தாரேன்.”

சங்கிலியம்மாள் நகரவில்லை.

“நாப்பது பேரு முன்னாடி திருடின்னு சொன்னீக மொதலாளி. அந்த நாப்பது பேரும் இங்கனதான் நிக்கிறாக.”

சாரல் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. நாகராஜ் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பினார். அத்தனை முகங்களையும் ஒருசேரப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவையோ என்னவோ. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். எண்ணெய் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த ஜெபஷீலா அதை அவருடைய மெத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கள்கிழமை சங்கிலியம்மாள் வேலைக்குப் போனாள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. தோட்டக்காரர்களோடு நாகராஜ் ஏதோ பேசி முடித்துவிட்டார். தினமும் காலையில் அவர் குடோனுக்குள் நுழையும்போது, சங்கிலியம்மாள் காய் பொறுக்கும் கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாளாம். அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போகிறாராம். மூக்கம்மாள் சொன்னதாக ஜெபஷீலா வந்து சொன்னாள்.

நீ திருடவில்லை என்று, சொன்ன இடத்திலேயே, நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. அது சங்கிலியம்மாளுக்கு நாகராஜ் தர வேண்டிய கடன். இன்னும் தரவில்லை.